மங்குக்கு லேசர் முதல் மருந்தல்ல

இரு கன்னங்களிலும் நெற்றியிலும் பழுப்புத் திட்டாகப் படரும் மங்கை லேசரால் போக்கிவிடலாம் என்ற விளம்பரம் இப்போது சிறு நகரங்களின் அழகு நிலையங்கள் வரை வந்துவிட்டது. இத்தனை சிட்டிங் எடுத்தால் முகம் தெளிந்துவிடும் என்று பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள். ஒளிச் சிகிச்சை ஏமாற்று வேலை அல்ல. அதற்குப் பின்னால் உறுதியான இயற்பியல் இருக்கிறது. அந்த இயற்பியலை முழுதாகப் படித்தால், நம்முடைய மாநிறத் தோலில் வரும் மங்குக்கு ஒளி முதல் மருந்தாக இருக்கக் கூடாது என்பதும் விளங்கிவிடும்.

அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் 1983-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கு அடித்தளம். குறிப்பிட்ட அலைநீளத்து ஒளியைத் தோலுக்குள் ஒரு பொருள் மட்டும் அதிகமாக உறிஞ்சுமானால், அதிலிருந்து வெப்பம் அக்கம்பக்கம் பரவுவதற்குள் ஒளியை நிறுத்திவிட்டால், அந்தப் பொருள் மட்டும் அழியும் என்று அவர்கள் காட்டினார்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின், மெலனோசோம் என்ற நுண்பைகளில் இருக்கிறது. ஒரு பையின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதில் ஏறிய வெப்பம் ஒரு மைக்ரோ விநாடிக்குள் வெளியேறிவிடும். அதனால்தான் 'க்யூ-ஸ்விட்ச்டு' லேசர் சில நானோ விநாடிகளே நீடிக்கும் துடிப்பாகப் பாய்ந்து அந்தப் பையை வெடிக்கச் செய்கிறது. ஐ.பி.எல். என்று சுருக்கிச் சொல்லப்படும் கருவி லேசரே அல்ல. அது செனான் விளக்கின் பல அலைநீள ஒளியை வடிகட்டி, மில்லி விநாடிக் கணக்கில் பாய்ச்சுவது. வெள்ளையர் ஒருவரின் புறங்கையில் வெயிலால் வந்த பழுப்புப் புள்ளியின் மேல் அதைப் பாய்ச்சினால், புள்ளி முதலில் இன்னும் கறுக்கும். பிறகு காப்பித்தூள் போலப் பொருக்காகி உதிர்ந்துவிடும். அங்கே அது அருமையான சிகிச்சை.

அந்த வெற்றிக்குக் காரணம், புள்ளிக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் இடையே உள்ள நிற வேறுபாடு. ஒளிக்குத் தெரிவது மெலனின் மட்டுமே. அது மங்கின் மெலனினா, இயல்பான தோலின் மெலனினா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. மெலனின் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா இனத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நமக்கு மெலனோசோம்கள் பெரியவை, நிறைய, மேல்தோல் முழுக்கப் பரவியிருப்பவை. ஆகவே பாய்ச்சும் ஒளியில் கணிசமான பங்கை நல்ல தோலே வாங்கிச் சூடாகிறது. கொப்புளம் வரலாம். கொப்புளம் வராவிட்டாலும், லேசான அழற்சியே மெலனின் சுரப்பைத் தூண்டிவிடும். பரு போன இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடப்பதும் இதே காரணத்தால்தான். தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் வகுத்த தோல் வகைப்பாடுகூட முதலில் வெள்ளைத் தோலை மட்டுமே மனதில் கொண்டது. பழுப்பும் கறுப்பும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பின்னர்தான் சேர்ந்தன. கருவியை இயக்குபவருக்கு இந்த வகைப்பாடும், அதற்கேற்ப அளவைக் குறைக்கும் பயிற்சியும் இல்லாவிட்டால் பலியாவது முகம்.

1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி-யாக் லேசர் கறுத்த தோலுக்கும் பாதுகாப்பானது அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அலைநீளம் கூடக் கூட மெலனின் உறிஞ்சுவது குறையும். அதனால் மேல்தோல் சுடும் ஆபத்தும் குறையும். ஆனால் மங்கின் சிக்கல் தேங்கிக் கிடக்கும் நிறமி மட்டுமல்ல, அதை ஓயாமல் சுரக்கும் செல்லும்தான். வெயிலால் நைந்த அடித்தோல், பெருகிய நுண்குழாய்கள், கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரையாலும் மாறும் ஹார்மோன்கள் எல்லாம் அந்தச் செல்லை முடுக்கியபடியே இருக்கின்றன. லேசர் நிறமியை உடைக்கிறது. முடுக்கும் காரணங்களைத் தொடுவதில்லை. குறைந்த ஆற்றலில் திரும்பத் திரும்பச் செய்யும் 'லேசர் டோனிங்' முகத்தைச் சில வாரங்களில் வெளுக்கச் செய்வது உண்மை. நிறுத்தியபின் மங்கு திரும்பி வருவது சர்வ சாதாரணம் என்பதும் உண்மை. அளவு மீறினால் சிதறிய வெள்ளைப் புள்ளிகள் விழும்; அவற்றைச் சரிசெய்வது மங்கைச் சரிசெய்வதைவிடக் கடினம்.

இதனால் லேசரே வேண்டாம் என்று ஆகிவிடாது. கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் நீலச் சாம்பல் நிறத்தில் படரும் ஓட்டா மச்சத்துக்கு இதைவிடச் சிறந்த சிகிச்சை இல்லை. அங்கே நிறமிச் செல்களே அடித்தோலில் இடம் மாறிக் கிடக்கின்றன; க்யூ-ஸ்விட்ச்டு லேசர் அவற்றை அழித்துவிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஒரே கருவி ஒரு நோயில் மருந்தாகவும் இன்னொன்றில் தொல்லையாகவும் ஆவதால், எந்த நிறத்திட்டு என்று கண்டறிவதே சிகிச்சையில் பாதி.

க்ரீம்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும், அவற்றிலும் ஆபத்து உண்டு என்பார்கள். மறுப்பதற்கில்லை. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த களிம்பு 1975-ல் க்ளிக்மேனும் வில்லிஸும் வகுத்தது. இன்றும் மங்குக்கு நம்பகமான மருந்து அதுவே. அதை மருந்துக்கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் பூசி, தோல் மெலிந்து சிவந்து போனவர்கள் நம் ஊரில் ஏராளம். மருத்துவர் சொன்ன காலத்துக்கு மட்டும் பூசினால் அது உதவும். அதற்கும் முந்தியது வெயில் காப்பு. நம் தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியும் மங்கைக் கறுக்கச் செய்கிறது. சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்ஸைடு கலந்த, தோல் நிறச் சாயல் உள்ள சன்ஸ்கிரீன்தான் தடுக்கும். இதைத் தினமும் பூசாமல் எடுக்கும் லேசர் சிட்டிங் எல்லாம் வீண் செலவு.

எனவே பேக்கேஜுக்கு முன்பணம் கட்டும் முன் ஒரு தோல் மருத்துவரிடம் திட்டின் பெயரைக் கேளுங்கள். மங்கு என்றால் களிம்புக்கும் சன்ஸ்கிரீனுக்கும் சில மாத அவகாசம் கொடுங்கள். அதன் பிறகும் லேசர்தான் வழி என்றால், இயக்கப் போவது மருத்துவரா, உங்கள் தோல் நிறத்துக்கு எந்த அலைநீளம், முதலில் ஓரமாக ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் முகத்தை ஒப்படைக்காதீர்கள்.