ஊமையான கணினி

வானொலிப் பெட்டி திடீரென மௌனமாகிவிட்டால் அதனை உடனே எறிந்துவிடுவார் எவருமிலர். மின்கம்பி பொருந்தியிருக்கின்றதா என்று முதலில் பார்ப்பர், ஒலியளவைத் திருகுவர், அதன் பின்னரே பெட்டியைத் திறப்பர். ஆனால், கணினி ஊமையாகும்போது பலர் இந்நிதானத்தை இழந்துவிடுகின்றனர். இயங்குதளம் முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவ முற்பட்டுத் தம் உழைப்பையும் உடன் அழித்துவிடுவாரும் உளர்.

இது வெறும் பாட்டுக் கேட்கும் இன்பத்தைப் பற்றிய செய்தியன்று. பார்வையிழந்தோர் பலர், திரையிலுள்ள எழுத்துக்களை உரக்கப் படித்துக் காட்டும் ‘ஓர்க்கா’ போன்ற மென்பொருள்களின் துணைகொண்டே லினக்ஸ் கணினியை இயக்குகின்றனர். அன்னோருக்கு ஒலி நின்றால் திரையே இருண்டுவிடுகின்றது. ஆதலின், மௌனத்தின் காரணத்தைப் படிப்படியாகக் கண்டறியும் முறை அறிந்திருக்கத் தக்கதொன்றாகும்.

யுனிக்ஸ் மரபைப் பின்பற்றிய லினக்ஸின் கரு, 1991ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவராகிய லீனஸ் ரோர்வால்ட்ஸ் என்பவரால் தொடங்கப்பெற்றது. இத்தளத்தில் ஓசை நான்கு வாயில்களைக் கடந்தே செவியை அடைகின்றது. முதலாவது, பாடலை இயக்கும் மென்பொருள். இரண்டாவது, பல மென்பொருள்களின் ஓசைகளையும் ஒன்றுகலந்து அனுப்பும் ஒலிச்சேவகம். பல்ஸ்ஓடியோ, பைப்வயர் என்பன இவ்வகையின. மூன்றாவது, கருவினுள் அமைந்த ‘அல்சா’ என்னும் இயக்கித் தொகுதி. நான்காவது, ஒலி அட்டை. இவற்றுள் எவ்வாயில் அடைபட்டதென அறிவதே சோதனையின் நோக்கம்.

முதற்கண் வெளிப்புறத்தைப் பார்த்தல் வேண்டும். ஒலிபெருக்கிக்கு மின்சாரம் வருகின்றதா? செருகி உரிய துளையில் உள்ளதா? காதணிபேசி செருகப்பட்டிருப்பின் மடிக்கணினியின் ஒலிபெருக்கி தானாகவே அடங்கிவிடுதல் இயல்பு.

அடுத்து, கணினி தன் ஒலி அட்டையை அறிந்துள்ளதா எனக் கேட்க வேண்டும். கட்டளை முனையத்தில் ‘ஏபிளே’ என எழுதி, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ‘எல்’ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தும் இட்டால், அட்டைகளின் பட்டியல் தோன்றும். பட்டியல் வெறுமையாயின் ‘எல்எஸ்பிசிஐ’ என்னும் கட்டளையை இடுக. அதில் அட்டையின் பெயர் காணப்படின், அட்டை உளது. அதற்குரிய இயக்கியோ நிலைபொருளோதான் இல்லை என்பது பெறப்படும். அதிலும் காணப்படாவிடின், தொடக்க அமைப்பில் அட்டை முடக்கப்பட்டிருத்தல் கூடும். அல்லது அட்டையே பழுதுற்றிருத்தல் கூடும்.

அட்டை பட்டியலில் இருந்தும் ஓசை எழாவிடின், ‘அல்சாமிக்சர்’ என்னும் கட்டளையை இடுக. ஒலியளவுகள் தூண்கள் போல் எழுந்து நிற்கும். தூணின் அடியில் ‘எம் எம்’ என்று காணப்பட்டால் அவ்வழி அடக்கப்பட்டுள்ளது என்பது பொருள். ‘எம்’ விசையை ஒருமுறை அழுத்த அது திறந்துவிடும். அல்சாவில் புதிய அட்டையின் வழிகள் தொடக்கத்தில் அடக்கப்பட்டே இருக்கும். அவற்றைத் திறந்துவிடுவது பிற மென்பொருளின் கடன். அது தவறும்போது, எப்பழுதுமில்லாத கணினியும் ஊமையாய் நிற்கும்.

வழி திறந்திருந்தும் மௌனம் நீடித்தால், ஓசை வேறிடம் செல்கின்றதா எனப் பார்க்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்த திரைக்கு ஓசை போய்விடுதல் அடிக்கடி நிகழ்வதே. ஒலி அமைப்பில் உரிய வெளியீட்டைத் தெரிந்தெடுத்தால் இது தீரும். பின்னர் ‘ஸ்பீக்கர்-ரெஸ்ற்’ என்னும் கட்டளையை இட்டு ஓசை கேட்குமாயின், குறை முதலாம் வாயிலாகிய மென்பொருளிலேயே உள்ளதெனத் துணியலாம்.

பார்வையிழந்த ஒருவர் இவற்றைத் திரையிற் காண இயலாதே எனின், அவருக்கும் வழியுண்டு. உபுண்டு போன்ற தளங்களில் கொன்ட்ரோல், ஆல்ற், ‘ரீ’ ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் முனையம் திறக்கும். அங்கு ‘ஏமிக்சர் செற் மாஸ்ரர் அன்மியூற்’ என்று ஆங்கிலத்தில் எழுதி உள்ளிட்டால், பெரும்பாலான கணினிகளில் தலைமை ஒலிவழி திறந்துவிடும். பிறர் கண்ணை எதிர்பாராது, மனனஞ் செய்த ஒரு வரியால் அவர் தம் கணினியின் குரலை மீட்டுக்கொள்ளலாம்.

வெளியிலிருந்து உள்ளே, எளியதிலிருந்து அரியதற்கு என்னும் இவ்வொழுங்கைக் கைக்கொள்வோர் எதனையும் அழிக்க நேர்வது அரிது.