சேமித்த கோப்பு எங்கே?

இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டின் சித்தூர். கேரளத்தின் இந்த எல்லை வட்டங்களில் தமிழ்வழி மாணவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலும் தமிழில் உண்டு. அரசுப் பள்ளிக் கணிப்பொறிகளில் ஓடுவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ‘கைட் குனு/லினக்ஸ்’. ‘சேமி’யை அழுத்தியதும் மின்சாரம் போனால்?

கட்டுரையும் அதன் பெயரும் வட்டில் அது இருக்கும் இடமும் தனித்தனியே எழுதப்படுகின்றன. ஒன்று விடுபட்டால் பெயர் மட்டும் மிஞ்சும். உள்ளே ஒன்றும் இராது. இதைத் தடுக்க, செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே ஒரு பதிவேட்டில் குறித்து வைக்கின்றன பல கோப்பு முறைமைகள்.

அந்தக் காப்பு ஏற்பாட்டிலேயே ஓட்டை இருந்தால்? டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் விஜய் சிதம்பரம், ஜெயஸ்ரீ மோகன், பாண்டியன் ராஜு உள்ளிட்ட குழு 2018-ல் இதைத் துருவியது. பிளக்கைப் பிடுங்கவில்லை, ‘கிராஷ்மங்கி’ என்ற கருவியால் மின்வெட்டைப் பாவனை செய்தது. உருவாக்கு, பெயர் மாற்று, சேமி போன்ற சிறு கட்டளைகளைக் கோத்த 33 லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள். பிடிஆர்எஃப்எஸ், எஃப்2எஃப்எஸ் என்ற லினக்ஸ் கோப்பு முறைமைகளில் 10 புதிய பிழைகள் சிக்கின. அவற்றில் 7 பிழைகள் 2014 முதலே பதுங்கியிருந்தவை. சில, சேமித்த கோப்பையே விழுங்கக் கூடியவை.

கோப்பு தொலைந்ததற்கு மாணவனைத் திட்டுமுன் ஆசிரியர்கள் சற்று யோசிக்கலாம்.