திறனுடைத் தொழில் எது?



சங்கரன்கோவிலிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர் சங்கரநாராயணர் திருக்கோயிலாலும் ஆடித்தபசுத் திருவிழாவாலும் பெயர் பெற்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதனோடு தறியாலும் பெயர் பெற்றது. தெருவில் நடந்து செல்லும்போது விசைத்தறியின் ஓசை காதில் விழாத பொழுது குறைவு. அறுந்த இழையை நொடிப்பொழுதில் முடிந்து, தறியை மீண்டும் ஓடவிடும் நெசவாளரைக் காட்டி, “இவர் திறன் உடையவரா, இல்லாதவரா?” என்று வினவினால், சிறு பிள்ளையும் “திறன் உடையவரே” என்று விடை கூறும்.

ஆனால் வேலை தேடிக் கடல் கடக்க எண்ணும் ஒருவரை நோக்கி அயல்நாட்டு அரசு இவ்வாறு வினவுவதில்லை. “உம்முடைய தொழிலின் எண் யாது?” என்றுதான் அது வினவுகிறது. அந்த எண்ணைப் பொறுத்தே கதவு திறப்பதும் திறவாதிருப்பதும் அமைகின்றன. இந்த எண் எங்கிருந்து வந்தது, அது எவ்வாறு கணிக்கப்படுகிறது, நம் வாழ்வை அஃது எவ்வாறு தொடுகிறது என்பனவற்றை இன்று காண்போம்.

உலகில் தொழில்கள் எண்ணற்றவை. ஒரே தொழிலுக்கு நாட்டுக்கு ஒரு பெயர் வழங்குகிறது. ஆதலின், அவற்றை ஒழுங்குபடுத்தும் பொருட்டுச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1958ஆம் ஆண்டில் தொழில்களின் வகைப்பாடு ஒன்றை வெளியிட்டது. அது பின்னர் 1968, 1988, 2008 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 2008ஆம் ஆண்டு வகைப்பாட்டில் தொழில்கள் யாவும் 10 பெரும் பிரிவுகளாகவும், அவற்றுள் நான்கு இலக்க எண் கொண்ட 436 சிறு தொகுதிகளாகவும் பகுக்கப்பட்டுள்ளன. நம் நாட்டின் தேசியத் தொழில் வகைப்பாடும் 2015ஆம் ஆண்டில் இதனைத் தழுவியே திருத்தி அமைக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு தொழிலுக்கும் எட்டு இலக்கங்கள் உள்ளன. அவற்றுள் முதல் நான்கும் சர்வதேச எண்ணோடு இயைவன.

இவ்வகைப்பாட்டில் திறன் நான்கு படிகளாக அளக்கப்படுகிறது. எளிய உடலுழைப்பு வேலைகள் முதற்படி. எந்திரங்களை இயக்குதல், கைவினை, விற்பனை, எழுத்தர் வேலை போன்றவை இரண்டாம் படி. பள்ளிப் படிப்புக்குப் பின் சில ஆண்டுத் தொழிற்கல்வியை வேண்டி நிற்கும் நுட்பப் பணிகள் மூன்றாம் படி. மருத்துவர், பொறியாளர், ஆசிரியர் முதலியோரின் பணிகள் நான்காம் படி.

ஈண்டு ஒன்றை நீங்கள் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். இந்தப் படிகள் மனிதனை அளப்பன அல்ல. அவன் செய்யும் வேலையையே அளப்பன. ஒரு வேலையில் அடங்கிய கடமைகள் எத்தகையவை, அவை எவ்வளவு சிக்கலானவை, அவற்றைச் செய்ய வழக்கமாக எவ்வளவு பயிற்சி தேவைப்படும் என்பனவே கணக்கில் கொள்ளப்படுகின்றன. முதுகலைப் பட்டம் பெற்றவரே பாத்திரம் துலக்கினாலும், அந்த வேலை முதற்படியிலேயே நிற்கும்.

சமையலறையையே எடுத்துக்கொள்வோம். உணவு வகைகளைத் திட்டமிட்டு, புதியன ஆக்கி, சமையற்கூடத்தை மேற்பார்வை செய்யும் தலைமைச் சமையற்கலைஞரின் எண் 3434. இது மூன்றாம் படி. வகுத்துக் கொடுத்தபடி சமைக்கும் சமையற்காரரின் எண் 5120. இது இரண்டாம் படி. காய் அரிந்து, பாத்திரம் கழுவும் உதவியாளரின் எண் 9412, இது முதற்படி. மூவரும் நிற்பது ஒரே அடுப்பங்கரையில்தான். ஆயினும், அயல்நாட்டு அதிகாரியின் மேசையில் அவர்கள் மூன்று வேறு மனிதர்கள்.

நம் நெசவாளரின் நிலை என்ன? கைத்தறியில் நெய்பவர் 7318 என்னும் எண்ணில் கைவினைஞராக நிற்கிறார். விசைத்தறியை இயக்குபவர் 8152 என்னும் எண்ணில் எந்திர இயக்குநராக நிற்கிறார். இருவரும் இரண்டாம் படியினரே. எனவே சர்வதேச வகைப்பாடு அவர்களைத் திறனற்றவர் என்று கூறவில்லை. ஆயின், எந்தப் படி வரையில் உள்ளவர்க்குக் கதவு திறக்கலாம் என்பதை அந்தந்த நாடே முடிவு செய்கிறது. சில நாடுகள் தமக்கெனத் தனி வகைப்பாடும் வைத்துள்ளன. சிக்கல் எழும் இடம் இதுவே.

இது புதிய சிக்கலும் அன்று. நம் முன்னோர் இதனைக் கண்டிருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் பல்லாயிரவர் கங்காணிகளின் வழியே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் சென்றனர். 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வெளிநாட்டு வேலையைத் திறனுடைய வேலை என்றும் திறனற்ற வேலை என்றும் இரு கூறாக்கியது. கைவினைஞர், எழுத்தர், கடைச் சிப்பந்தி ஆகியோரின் வேலையோடு, உணவகத்திலும் தேநீர்க் கடையிலும் செய்யும் வேலையையும் வீட்டு வேலையையும் அது திறனுடையது என்றே கொண்டது. உழவுத் தொழிலையோ திறனற்ற வேலையில் சேர்த்தது!

மண்ணின் நிறம் கண்டு விதை தேர்ந்து, காற்றின் போக்கறிந்து மழைநாள் கணித்து வாழ்ந்தவனைச் சட்டம் திறனற்றவன் என்றது. இது வெறும் சொல்லாக நின்றிருந்தால் வருந்த வேண்டியதில்லை. திறனற்ற வேலைக்கு, அரசு அறிவித்த நாடுகளுக்கு, அரசு விதித்த முறைப்படியே செல்லலாம் என்பது விதி. 1938இல் மலாயாவுக்கும் 1939இல் இலங்கைக்கும் அவ்வகைத் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு தடுத்தபோது, அத்தடை யாரைத் தொட்டது, யாரைத் தொடவில்லை என்பதை அந்த ஒற்றைச் சொல்லே முடிவு செய்தது. இன்றைய சர்வதேச வகைப்பாட்டிலோ தம் நிலத்தில் பயிர் செய்யும் உழவர் 6111 என்னும் எண்ணோடு திறனுடையோர் வரிசையில் இருக்கிறார். பண்ணைக் கூலியாளே 9211 என்னும் முதற்படி எண்ணில் இருக்கிறார். உழவு மாறவில்லை, அதனை அளக்கும் கோல் மாறிவிட்டது.

கோல் மாறுவதற்கு இன்னும் அண்மைச் சான்றுகள் உள. கனடா நாடு 2022ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் தன் குடியேற்றத் திட்டங்களில் புதிய தொழில் வகைப்பாட்டைப் புகுத்தியது. அங்கே தொழிலின் எண் ஐந்து இலக்கம் கொண்டது. இரண்டாம் இலக்கம் அத்தொழிலுக்கு வேண்டிய பயிற்சி, கல்வி, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றின் படியைக் காட்டும். பூச்சியம் முதல் மூன்று வரை உள்ளவர் திறனாளர் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். நான்கும் ஐந்தும் உள்ளவர் இயலாது. அந்த மாற்றத்தால் நெடுந்தொலைவு லாரி ஓட்டுநர் 73300 என்னும் எண் பெற்று உள்ளே வந்தார். தையற்கலைஞரோ 64200 என்னும் எண் பெற்று வெளியே தள்ளப்பட்டார். முதல் நாள் மாலையில் தையல் எந்திரத்தை மூடி வைத்த கைதான் மறுநாள் காலையில் அதைத் திறந்தது. அந்தக் கையின் திறன் இரவில் குறைந்துவிடவில்லை. குறைந்தது தகுதி மட்டுமே.

பிரிட்டன் 2025ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் முதல் திறனாளர் அனுமதிக்குரிய தொழில்களின் படியைப் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்தியது. அதற்குக் கீழுள்ள தொழில்களில் சிலவே தற்காலிகப் பட்டியல்களில் இடம் பெற்றன. சமையற்கலைஞர் பணி புதிதாக வருவோர்க்கு மூடப்பட்டது. முதியோரையும் நோயாளரையும் பேணும் பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதும் அன்றோடு நின்றது. இதனை நம்பி ஈராண்டுப் பயிற்சியும் கடனும் மேற்கொண்ட குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இனி, நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவரின் கடவுச்சீட்டில் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவை என்னும் குறிப்பு இடம் பெறும். மக்கள் வழக்கில் இதனை இ.சி.ஆர். என்பர். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியைப் பெற வேண்டும். ஏமாற்றப்படும் வாய்ப்பு மிகுந்தவரைக் காப்பதே இதன் நோக்கம், நல்ல நோக்கமே. ஆயினும், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் என்னும் ஒரு தாள் ஒருவனை எந்த வரிசையில் நிறுத்துகிறது என்பதை இதனால் அறியலாம்.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றை நான் கூற வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஒன்பதாம் வகுப்பில் பயின்ற ஒரு மாணவன் பள்ளியை விட்டு நின்றான். அவன் தந்தையார் ஒரு நெசவாளர். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அவரிடம் நான் வாதாடியிருக்க வேண்டும். “அண்ணாச்சி, பையனுக்குக் கையில் வேலை இருக்கிறது. வயரிங் நன்றாகச் செய்கிறான். பிழைத்துக்கொள்வான்” என்று கூறிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். உண்மையிலேயே அவன் கைத்திறன் மிக்கவன். பின்னாளில் என் வீட்டுக்கு மின்கம்பி அமைத்தவனும் அவனே. இன்றளவும் அதில் ஒரு குறையும் இல்லை.

அவன் சில ஆண்டுகளுக்குப் பின் வளைகுடா நாடொன்றுக்குச் சென்றான். முகவர் ஒருவர் அவனிடம் எலக்ட்ரீஷியன் வேலை என்றே கூறியிருந்தார். ஒப்பந்தத்திலோ கட்டடத் தொழிலாளி என்று எழுதியிருந்தது. மின்பணியாளர் 7411, கட்டடக் கூலியாள் 9313. அவனுக்கு எந்த எண்ணும் தெரியாது. எட்டு ஆண்டுகள் அங்கு மின்பணியே செய்தான். கூலியாளின் ஊதியமே பெற்றான். திரும்பி வந்து வேறொரு நாட்டுக்கு எலக்ட்ரீஷியனாக விண்ணப்பிக்க முனைந்தபோது, அனுபவச் சான்றிதழில் உதவியாளர் என்றே இருந்தது. அந்தத் தாளோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தான். “சார், எட்டு வருஷம் நான் செய்த வேலை எங்கே போயிற்று?” என்று கேட்டான். நாற்பது நிமிடப் பாடவேளைகளில் ஆயிரம் வினாக்களுக்கு விடை கூறியவன் நான். அந்த வினாவுக்கு என்னிடம் விடை இல்லை.

அதன்பின் இருவரும் செய்தவற்றைக் கூறுகிறேன். அவை உங்களுக்கும் பயன்படும். முதலில், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினான். நான் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தேன். அடுத்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிலாதவரும் உரிய அனுபவம் இருப்பின் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத வழி உண்டு. அதனையும் எழுதித் தேறினான். இன்று மீண்டும் அவன் கடல் கடந்து வேலை பார்க்கிறான். இம்முறை அவனுடைய ஒப்பந்தத்தில் எலக்ட்ரீஷியன் என்றே உள்ளது. போன எட்டு ஆண்டுகள் மட்டும் திரும்பி வரவில்லை.

மாணவச் செல்வங்களே, இவற்றிலிருந்து நாம் அறிய வேண்டுவன மூன்று. ஒன்று, தொழிலின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். எண்ணையும் அதன்கீழ் எழுதப்பட்ட கடமைகளையும் படியுங்கள். பதவிப் பெயர் எதுவாயினும், செய்த கடமைகள் பொருந்துகின்றனவா என்றே அதிகாரிகள் பார்ப்பர். ஆகவே, வேலையிலிருந்து விலகும்போது பெறும் அனுபவச் சான்றிதழில் செய்த பணிகள் ஒவ்வொன்றும் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

இரண்டு, கையில் உள்ள திறனுக்குத் தாளில் ஒரு சான்று வேண்டும். முன்னரே கற்ற தொழிலைச் சோதித்துச் சான்று வழங்கும் திட்டங்களும் நம் நாட்டில் உள்ளன. படிப்பை இடையில் நிறுத்த எண்ணும் தோழன் இருந்தால், பத்தாம் வகுப்பையாவது முடிக்குமாறு வற்புறுத்துங்கள்.

மூன்று, எண்ணை மாற்றித் தருகிறேன் என்று கூறுவோரை நம்பாதீர்கள். செய்யாத வேலையைச் செய்ததாக எழுதுவது பொய்யுரை. கனடாவில் அதற்கு ஐந்து ஆண்டுத் தடை உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மைய அரசின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர்தம் பெயர்கள் உள்ளன. 1978ஆம் ஆண்டில் தமிழக அரசே தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது.

வகைப்பாடு தீயது என்று நான் கூறவில்லை. அளவுகோல் இல்லாவிடில், அதிகாரியின் விருப்பு வெறுப்பே அளவுகோலாகிவிடும். ஆனால், கோல் வேறு, அளக்கப்படும் பொருள் வேறு என்பதை மறத்தல் ஆகாது. முதற்படி எண் பெற்ற தொழிலாளி நம்மினும் தாழ்ந்தவர் அல்லர். அதே வேளையில், அவர்தம் எண்ணை அறியாமல் இருப்பது அவரைக் காப்பாற்றவும் மாட்டாது.

ஓய்வு பெற்றும் ஆசிரியன் வழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. ஆதலின், உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம் தருகிறேன். இன்று மாலை உங்கள் தந்தையாரும் தாயாரும் நாள்தோறும் செய்யும் வேலைகளைக் கேட்டு, ஒன்றுவிடாமல் எழுதுங்கள். பின்பு தேசியத் தொழில் வகைப்பாட்டில் அதற்குரிய எண்ணைத் தேடுங்கள். எண் எளிதில் அகப்படலாம். ஆனால், அவர்கள் செய்யும் வேலைகளுள் எத்தனை அந்தப் பட்டியலில் எழுதப்படவே இல்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.