மீனின் கண்ணுக்கு எந்த நிறம்?

மாணவர்களே, அடுத்த முறை பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகத்தில் தே ஓ குடிக்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணாடிக் குவளைக்குப் பின்னால் ஒரு சிவப்பு நூலையும் ஒரு நீல நூலையும் பிடியுங்கள். சிவப்பு சிவப்பாகவே தெரியும், நீலம் கறுத்துவிடும். தேநீர் நீல ஒளியை உறிஞ்சிக்கொண்டு சிவப்பு ஒளியை வெளியே விடுவதுதான் காரணம்.

தூண்டில் போடுபவர்களுக்கு இது மிகவும் உதவும். பாஸ் மீனைப் பிடிக்கும் செயற்கை இரையில், ஊசியை மறைத்துத் தொங்கும் ரப்பர் இழைக் குஞ்சத்தை 'ஸ்கர்ட்' என்பார்கள். கடையில் அது பல நிறங்களில் தொங்கும். எதை வாங்குவது?

முதலில் நீரைப் பாருங்கள். தெளிந்த நீர் சிவப்பு ஒளியைத்தான் விரைவாக உறிஞ்சும். எனவே ஆழம் கூடக்கூடச் சிவப்பு ஸ்கர்ட் மங்கிக் கறுக்கும். பச்சை நிறம் தெளிவாக நிற்கும். மழையில் கலங்கிய நீரோ, இலைதழை ஊறிப் பழுப்பேறிய நீரோ தே ஓ போன்றது. அங்கே நீலம் கறுக்கும். சிவப்பும் ஆரஞ்சும் நிலைக்கும்.

அடுத்து மீனின் கண். கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் பலர் தேடுவது பீகாக் பாஸ். பெயரில் பாஸ் இருந்தாலும், இது அமேசானிலிருந்து வந்த, திலாப்பியாவின் உறவுக்கார மீன். பனாமாவின் காட்டூன் ஏரியில் வாழும் பீகாக் பாஸின் கண்களை ஆராய்ந்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதன் கண்வில்லை குறுகிய அலைநீள ஒளியை வடிகட்டுகிறது. வைட்டமின் ஏ2இலிருந்து உருவாகும் நிறமி, சிவப்புப் பக்கத்து ஒளியை உணர உதவுகிறது. இம்மீன்கள் சுற்றியுள்ள ஒளிக்கு ஏற்பத் தம் பார்வையை மாற்றிக்கொள்ளவும் செய்கின்றன!

அமெரிக்காவின் லார்ஜ்மவுத் பாஸ் வேறு இனம். அதன் கண்ணில் பச்சைக்கும் சிவப்புக்குமாக இரண்டே வகைக் கூம்பு செல்கள். சிவப்பையும் பச்சையையும் அது எளிதில் பிரித்தறிகிறது. ஆனால் இளமஞ்சள் பச்சையையும் வெள்ளையையும் குழப்பிக்கொள்கிறது. அடர்நீலத்தையும் கறுப்பையும் அப்படித்தான். நாம் இரு நிறமென்று நினைத்துக் காசு கொடுத்து வாங்கும் ஸ்கர்ட்டுகள் அந்த மீனுக்கு ஒன்றாகவே தெரியலாம்.

ஆகவே கடை விளக்கில் பளபளப்பதை வாங்காமல், நீரின் நிறம் பார்த்து வாங்குங்கள். தெளிந்த குட்டைக்குப் பச்சை; கலங்கிய நீருக்குச் சிவப்பு, ஆரஞ்சு. அந்தி மங்கலில், கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் பின்னணியில் கறுப்பு உருவம் நன்றாகத் தெரியும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. காட்டூன் ஏரிக்கு 1967 வாக்கில் வந்து சேர்ந்த பீகாக் பாஸ், அங்கிருந்த உள்ளூர் மீன்கள் பலவற்றைத் தின்று ஒழித்தது. சூழலுக்கேற்ப மாறும் கண் அந்த வேட்டைக்காரனுக்கு ஒரு பலம். எனவே குட்டையில் பிடித்த பீகாக் பாஸை உயிரோடு கொண்டுபோய் ஆற்றில் விடாதீர்கள். நம் ஆற்று மீன்களைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.