டிஸ்க் ஓடவில்லையா? அவசரப்பட்டு ‘நெக்ஸ்ட்’ அழுத்தாதீர்கள்

பீரோவில் கிடந்த கல்யாண டிவிடியை, புதிதாக வாங்கிய யூஎஸ்பி டிரைவில் போடுகிறீர்கள். சற்று நேரம் சுற்றிவிட்டு, ‘இந்த டிஸ்க்கை எப்படிப் பயன்படுத்த விரும்புகிறீர்கள்?’ என்று விண்டோஸ் கேட்கிறது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து ‘நெக்ஸ்ட்’ கொடுத்தால் படம் வந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அது காலி டிஸ்க்குக்கான கேள்வி. உங்கள் டிஸ்க்கைப் படிக்க முடியாத கம்ப்யூட்டர், அதில் ஒன்றுமே இல்லை என்று நினைத்து எழுதத் தயாராகிறது. கேன்சல் செய்து டிஸ்க்கை வெளியே எடுத்துவிடுங்கள். இருக்கிற பதிவும் பாழாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

‘டிஸ்க் போச்சு’ என்று கடைக்காரர் சொன்னால் உடனே நம்ப வேண்டியதில்லை. முதலில் நன்றாக ஓடும் வேறு டிவிடி ஒன்றை அதே டிரைவில் போட்டுப் பாருங்கள். சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650, புளூரேக்கு 405. டிவிடி டிரைவில் புளூரே ஓடாததற்கு அதுதான் காரணம். பாட்டு சிடி ஓடுகிறது, ஆனால் எந்த டிவிடியும் ஓடவில்லை என்றால் டிரைவில்தான் கோளாறு. மற்ற டிவிடிகள் ஓடி, உங்களுடையது மட்டும் ஓடவில்லையா? வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். வீட்டிலும் ஸ்டுடியோவிலும் எழுதிய டிஸ்க்கில் பதிவைத் தாங்குவது ஒரு சாய அடுக்கு. வெயிலிலும் வெக்கையிலும் அது மங்கும். மங்கிய டிஸ்க்கை ஒரு டிரைவ் கைவிட்டாலும் இன்னொன்று படித்துவிடுவது உண்டு.

டிரைவ் சுற்றத் தொடங்கி உடனே நின்றுவிட்டால், மின்சாரம் போதாமல் இருக்கலாம். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், 3.0 போர்ட் 900 தரும். ஹப்பில் செருகியிருந்தால் கழற்றி, லேப்டாப்பிலேயே நேரடியாகச் செருகுங்கள்.

டிஸ்க் திறக்கிறது, கோப்புகளும் தெரிகின்றன, படம்தான் ஓடவில்லை என்றால் கவலை வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிவிடி ஓட்டும் வசதி தானாக வருவதில்லை. விஎல்சி என்ற இலவச பிளேயர் போதும்.

கடையில் விற்கும் பட டிவிடிகளில் ரீஜன் பூட்டு என்று ஒன்று உண்டு. இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, அமெரிக்கா 1. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய படத்தைப் போட்டதும் ‘ரீஜனை மாற்றவா?’ என்று கேட்டால் யோசித்துச் சம்மதியுங்கள். டிரைவில் ஐந்து முறைதான் மாற்றலாம், கடைசியாக வைத்த எண்ணிலேயே அது நின்றுவிடும்.

துடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. சிடியில் பெயர் அச்சிட்ட பக்கம்தான் நோஞ்சான்: பதிவு அந்தப் பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால், அங்கே விழும் கீறலுக்கு மருந்தே இல்லை. பல் தேய்க்கும் பேஸ்ட் வைத்தியம் செய்து நிலைமையை மோசமாக்கியவர்கள் நிறைய.

ஒருமுறை ஓடிவிட்டால் பார்த்து ரசித்துவிட்டு மூடிவைக்காதீர்கள். ‘வீடியோ_டிஎஸ்’ என்ற ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். நகல் எடுக்க ஸ்டுடியோவின் அனுமதி வேண்டுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். பதிப்புரிமைச் சட்டம் 17(பி) பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வீடியோ ஆகியவற்றின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டும் இது மாறும். ஸ்டுடியோக்காரர் நீட்டும் ஆர்டர் ஃபாரத்தின் பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. படியுங்கள்.

டிரைவே பழுது என்றால் பில்லைத் தேடுங்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று கடையில் எழுதி வைத்திருப்பது பழுதான பொருளுக்குச் செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் விற்பதும் அப்படித்தான். முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

ஸ்கேன் சென்டர் தரும் எம்ஆர்ஐ சிடி இதில் தனி ரகம். அதில் இருப்பவை சாதாரணப் படங்கள் அல்ல, டைகாம் கோப்புகள். அவற்றைத் திறக்கும் மென்பொருளும் அதே சிடியில் இருக்கும். அது பெரும்பாலும் விண்டோஸில் மட்டுமே ஓடும். மேக்கில் திறக்கவில்லை என்று சிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டைகாம் கோப்புகளைத் திறக்கும் இலவச மென்பொருள்கள் வேறு இருக்கின்றன. சிடியே படிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆனால் உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்கத்தான் அந்த விதி சொல்கிறது. அதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.