கறுப்புத் தோலுக்கும் புற்றுநோய் வருமா?

"தோல் புற்றுநோய் வெள்ளைக்காரருக்குத்தானே வரும், டொக்டர்?" என்று எம்மவர் பலர் எம்மிடம் கேட்பதுண்டு. அது முழுவதும் சரியல்ல.

எமது தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் கலங்களில், எந்தப் பரம்பரையலகு எப்போது இயங்கவேண்டும் என்று கட்டளையிடும் புரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் எம்.ஐ.ரி.எவ். நிறத்தை உண்டாக்குவதுடன், அக்கலங்களை உயிருடன் காப்பதும் இதன் வேலை. பிறப்பிலேயே இதில் குறைபாடு உள்ள சிலருக்கு முன்நெற்றி மயிர் வெள்ளையாக இருக்கும், காதும் கேளாது. ஏனெனில் உட்காதுக்கும் இந்த நிறக்கலங்கள் தேவை.

இக்கலங்களில் தோன்றும் புற்றுநோயே மெலனோமா. சில மெலனோமாக்களில் இப்பரம்பரையலகு அளவுக்கு மிஞ்சிப் பெருகியிருப்பது 2005இல் கண்டறியப்பட்டது. நல்ல கலத்தைக் காத்த புரதமே அங்கே புற்றுக்கலத்துக்கும் துணைபோகிறது.

மெலனின் வெயிலிலிருந்து எம்மைப் பெரிதும் காக்கிறது. ஆனால் கறுப்புத் தோலினருக்கு மெலனோமா வந்தால், பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே வரும். பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கால்விரலில் கண்டுபிடிக்கப்பட்டது. 1981இல், 36 வயதில் காலமானார்.

மாதம் ஒருமுறை பாதங்களைப் பாருங்கள். மாறிவரும் மச்சம், ஆறாத புண், நகத்தில் அகலமாகிவரும் கறுப்புக் கோடு இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். நகக் கோடுகள் பெரும்பாலும் தீங்கற்றவை. ஆயினும் முடிவு செய்வது வைத்தியராக இருக்கட்டும். குனிந்து பார்க்க முடியாத அம்மா, அப்பாவின் பாதங்களை நீங்களே பாருங்கள். நேரத்துடன் கண்டுபிடித்தால், சிறு சத்திரசிகிச்சையுடன் குணமாக்கலாம்.