பாய்லருக்குச் சான்றிதழ் உண்டு, செயற்கை நுண்ணறிவுக்கு?



செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குப் பாய்லரைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. பழக்குலைகளை அவிக்கும் நீராவி அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் பாய்லரை வாங்கி வந்து, முதலாளி தம் விருப்பப்படி நெருப்பு மூட்டிவிட முடியாது. அரசாங்கப் பரிசோதகர் வந்து பார்க்க வேண்டும். தகுதிச் சான்றிதழ் கிடைக்க வேண்டும். குறித்த காலத்தில் மறுபடியும் சோதனை நடக்க வேண்டும். அதை இயக்குகிறவரும் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் நெடுங்காலம் இந்தக் காவலைச் செய்தது. 2024 ஜூன் 1-ஆம் தேதி அது நீக்கப்பட்டு, அந்தப் பொறுப்பு வேலைப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் வந்தது.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு? பாய்லர் வெடித்தால் வெந்து போகிறவர் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்தான். வெடித்த பிறகு விசாரிப்பதைவிட, நெருப்பு மூட்டுமுன் சோதிப்பதே அறிவுடைமை என்று சட்டம் கருதியது.

இப்போது நம் வீடுகளுக்குள் வேறொரு இயந்திரம் வந்திருக்கிறது. அதற்குப் பெயர் செயற்கை நுண்ணறிவு. கோடிக்கணக்கான பக்கங்களையும் படங்களையும் கணினிக்குக் கொடுத்துப் பழக்கினால், அது கேள்விக்குப் பதில் சொல்கிறது, கடிதம் எழுதுகிறது, படம் வரைகிறது. பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் அது இருக்கிறது. ஆனால் அதன் உடம்பு பெரிய பெரிய தரவு மையங்களில் இருக்கிறது. அவற்றுள் சில நம் ஜோகூரிலேயே உள்ளன. கூலாயில் செம்பனை நின்ற 'கூலாய் யங்' தோட்ட நிலத்தில் இன்று ஒய்.டி.எல். நிறுவனத்தின் தரவு மைய வளாகம் நிற்கிறது. ஆக, இது எங்கோ தூர தேசத்துச் செய்தி அன்று.

மிகவும் ஆற்றல் வாய்ந்த நுண்ணறிவுகளைச் செய்பவை உலகில் சில நிறுவனங்களே. பாய்லரைச் செய்தவரைக் கேள்வி கேட்பதுபோல, இவர்களைக் கேள்வி கேட்பவர் யார்? இதுதான் இன்று நாம் பேசப்போகும் பொருள்.

2026-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் நாட்டிலேயே ஒரு சம்பவம் நடந்தது. எக்ஸ் என்னும் சமூகத்தளத்தில் 'குரோக்' என்ற நுண்ணறிவு இயங்குகிறது. அதை உருவாக்கியது எலோன் மஸ்க்கின் எக்ஸ்.ஏ.ஐ. நிறுவனம். ஒரு பெண்ணின் சாதாரணப் புகைப்படத்தைக் காட்டி, ஆடையைக் குறைத்துக் காட்டு என்று யாரோ ஒருவர் கேட்டால், குரோக் அப்படியே செய்து கொடுத்தது. அந்தப் பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. சிறுவயதினரின் படங்களும் இந்த இழிவுக்குத் தப்பவில்லை. திருமண வீட்டில் எடுத்த படம், பள்ளி விளையாட்டுப் போட்டியில் எடுத்த படம் எல்லாமே இதற்குப் போதும் என்பதைத் தாய்மார்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அந்நிறுவனங்களுக்கு அறிக்கை அனுப்பி, போதிய தடுப்பு ஏற்பாடுகளைச் செய்யச் சொன்னது. வந்த பதிலோ, பாதிக்கப்பட்டவர்கள் புகார் செய்யும் முறையையே பெரிதும் நம்பியிருந்தது. அதாவது, படம் பரவட்டும், நீங்கள் வந்து சொல்லுங்கள், பிறகு பார்க்கலாம் என்பது போன்ற நிலை. ஆணையம் இதை ஏற்கவில்லை. ஜனவரி 11-ஆம் தேதி மலேசியாவில் குரோக் தற்காலிகமாகத் தடை செய்யப்பட்டது. இந்தோனேசியா அதற்கு முந்திய நாளே தடுத்திருந்தது. கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்பட்ட பின், ஜனவரி 23-ஆம் தேதி தடை நீக்கப்பட்டது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. ஒன்று, நம்மைப் போன்ற சிறிய நாடும் பெரிய நிறுவனத்தைப் பணிய வைக்க முடியும். கதவைச் சாத்தும் உரிமை அதற்கு உண்டு. மற்றொன்று, கதவைச் சாத்துமுன்பே பல பெண்களின் மானம் சந்தைக்கு வந்துவிட்டது. பரவிய படத்தைத் திரும்பப் பிடிப்பது, கொட்டிய பாலைத் திரும்ப வாளியில் அள்ளுவது போலத்தான்.

அப்படியானால், முன்கூட்டியே கேள்வி கேட்கும் ஏற்பாடு நம்மிடம் உண்டா? 2024 செப்டம்பரில் அரசாங்கம் செயற்கை நுண்ணறிவுக்கான நன்னெறி வழிகாட்டியை வெளியிட்டது. நியாயம், பாதுகாப்பு, பொறுப்புடைமை முதலிய ஏழு கோட்பாடுகள் அதில் உள்ளன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகம் திறக்கப்பட்டது. ஆயினும் அந்த வழிகாட்டி, விரும்பியவர் பின்பற்றலாம் என்ற வகையைச் சேர்ந்தது. மீறினால் தண்டனை இல்லை. இதற்கெனத் தனிச் சட்டம் தயாராகி வருவதாக 2025-இல் அரசாங்கம் அறிவித்தது.

அறிவுரைக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரத்தைத் தோட்டத்து மக்கள் அனுபவித்தே அறிவார்கள். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை நினைத்துப் பாருங்கள். உடம்புக்குள் போய்விட்டால் முறிக்க மாற்று மருந்தே இல்லாத நஞ்சு அது. கையுறை அணியுங்கள், முகமூடி போடுங்கள் என்று அறிவுரைகள் இருந்தன. 2002-இல் தடை அறிவிக்கப்பட்டது. 2006-இல் அது தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதியில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் முதுகில் தோம்பைச் சுமந்து மருந்து அடித்தவர்கள் நம் தாய்மார்களும் அக்காமார்களும் அல்லவா? சட்டம் தாமதமானால் அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பிற நாடுகள் என்ன செய்தன என்று பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஒரு விரிவான சட்டத்தை நடப்புக்குக் கொண்டு வந்தது. பெரிய நுண்ணறிவுகளைச் செய்வோருக்கான கடமைகள் 2025 ஆகஸ்ட் 2-ஆம் தேதி தொடங்கின. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 2024-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய கடுமையான மசோதா ஒன்றை ஆளுநர் கெவின் நியூசம் நிராகரித்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் சற்று மென்மையான வேறொரு மசோதாவில் கையெழுத்திட்டார். அது 2026 ஜனவரி 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது.

அந்தச் சட்டம் யாரைப் பிடிக்கிறது? அடுப்பில் வைக்கும் கெண்டிக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை, பாய்லருக்குத்தான் கேட்கிறார்கள். அதுபோல, ஒன்றுக்குப் பின் 26 சுழியங்கள் போடும் அளவுக்கு மேற்பட்ட கணக்குகளைச் செலவிட்டுப் பழக்கப்பட்ட நுண்ணறிவுகளையே அது குறிவைக்கிறது. கடமைகளில் பெரும்பாலானவை, ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல் வருமானம் உள்ள நிறுவனங்களுக்கு உரியவை. அவை பேராபத்தை எப்படித் தடுக்கப்போகின்றன என்பதை எழுதி வெளியிட வேண்டும். கடுமையான பாதுகாப்புச் சம்பவம் நேர்ந்தால் 15 நாளுக்குள் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள். உள்ளே வேலை செய்பவர் ஆபத்தைக் கண்டு வெளியே சொன்னால் அவரைப் பழிவாங்கக் கூடாது. மீறினால் பத்து லட்சம் டாலர் வரை அபராதம்.

சட்டம் வந்தால் தொழில் நின்றுபோகும், முதலீடு வேறு நாட்டுக்கு ஓடிவிடும் என்று சொல்வோரும் உண்டு. அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. நம் பிள்ளைகளுக்கும் அந்த வேலைகள் வேண்டும். கண்மூடித்தனமான சட்டம் சிறு தொழில்களை நசுக்கிவிடும் என்பதும் உண்மையே. ஆனால் சான்றிதழ் கேட்டதால் செம்பனை ஆலைத் தொழில் நின்றுபோகவில்லை. அளவறிந்து செய்யும் சட்டம் தொழிலையும் காக்கும், தொழிலாளியையும் காக்கும்.

நேயர்களே, நாம் செய்யக்கூடியவையும் உண்டு. வீட்டுப் பெண்ணின் படத்தை யாராவது இப்படிக் கெடுத்தால், அவளைத் திட்டாதீர்கள். குற்றம் அவளுடையது அன்று. பரவிய செய்தியைச் சாட்சியாகப் பாதுகாத்து வைத்துக்கொண்டு, போலீசிலும் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் புகார் செய்யுங்கள். சட்டத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வெளியிடுமுன் அதைச் சோதிப்பவர் யார்? கேடு நேர்ந்தால் எத்தனை நாளில் சொல்ல வேண்டும்? மீறினால் தண்டனை என்ன?

பாய்லரைப் பார்த்து நம் முன்னோர் கேட்ட கேள்விகளும் இவைதாம். அவற்றை இப்போது கேட்பது நம் முறை.